அவித்த மாவில் முயல்

கீரி, மன்னார்.
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நிறஞ்சலாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். பெரும்பாலும் சுகத்தோடும் இருக்கிறோம். ஜெனோஜனுக்குச் சளி. கிருஷிகாவுக்கு ஒன்றுமில்லை, வாய் மட்டும் நீளம். சோளகக் காற்று வெறி பிடித்து அடிக்கிறது. சோற்றில் மண், தேத்தண்ணியில் மண். இன்று காலைப் பூசையில் பிரசங்கம் செய்ய வாயைத் திறந்த சுவாமியின் வாயிலும் மண். பிரசங்கம் சுருக்கமாக முடிந்தது. இந்தச் சோளகத்தால் ஊருக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

எங்கள் மீனவர் சங்கத்தில் படகு இயந்திரங்கள் திருத்தும் எமிலின் மனைவி வருகிற வெள்ளிக்கிழமை சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறார். இந்தக் கடிதம் அவர் கையில் வரும். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நீர் நினைக்கலாம். போனில் பேசும்போது உமக்குப் பின்னால் அந்த வீட்டுக்கார மேடம் நிற்கிறார். எனக்கு முன்னால் பிள்ளைகள் நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் காதுகள் இருக்கிற இடத்தில், சாப்பிட்டீரா, மழை பெய்ததா என்பதற்கு மேல் புருசனும் பெண்சாதியும் என்னத்தைப் பேசுவது? அதோடு, டீசல் மானியம் கேட்டு மேலிடங்களுக்கு எழுதி எழுதி எனக்குக் கை பழகிவிட்டது. பதில் வராத கடிதம் எழுதுவதில் இந்தக் கரையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

மேடம் இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்கிறார், மாத முடிவுக்குள் கையெழுத்து வைக்க வேண்டும், நீங்கள் ஓம் என்றால் வைக்கிறேன் என்று போன கிழமை சொன்னீர். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கும். அதற்கு முன் அந்த மிருகங்களைப் பற்றி எழுதித் தீர்க்க வேண்டும். எனக்கு வந்த அருவருப்பு இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

மேடம் தன் பேஸ்புக்கில் போட்ட படத்தை நீர் பெருமையாக அனுப்பியிருந்தீர். மூங்கில் தட்டில், மாவைப் பொங்கவைத்து உருட்டி ஆவியில் அவித்த பணிஸ்கள். வெள்ளை முயல்கள், ரோஸ் நிறப் பன்றிக்குட்டிகள். எல்லாவற்றின் முகத்திலும் ஒரு புன்சிரிப்பு. தின்னப்படப் போகிற பிராணி சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று முதன்முதலில் நினைத்தவர் யாரோ, அவர் வீட்டுப் பக்கம் பிள்ளைகளை விடக் கூடாது. படத்துக்குக் கீழே, என் செல்லங்களுக்காக என் கையால் அன்போடு செய்தது என்று மேடம் எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஊர் உலகமெல்லாம் திரண்டு வந்து, இப்படியும் ஒரு தாயா என்று உருகியிருந்தது.

கிருஷிகா அந்தப் படத்தை விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கினாள். முயலையும் பன்றியையும் தாண்டிப் போய், ஓரத்தில் தட்டைப் பிடித்திருந்த பெருவிரலில் நின்றாள். திருக்கை மீன் வெட்டும்போது கத்தி ஏறிய தழும்பு அதில் தெரிந்தது. "இது என்ட அம்மான்ட விரல்" என்றாள். அன்பால் செய்த அந்த மேடத்தின் பக்கத்தில் உமக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் போனில் நீர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னீர். மேடத்தின் பிள்ளைகள் முயலின் காதை மட்டும் கடித்துப்போட்டு மிச்சத்தை வைத்துவிடுவார்களாம். வீணாகக் கூடாதென்று மிச்சத்தை நீர் சாப்பிட்டுவிடுவீராம். நல்ல ருசியாம். போன் நடுமேசையில் இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ வீட்டுப் பிள்ளைகளின் எச்சில் பட்ட, காதில்லாத முயல்கள் வரிசையாக வந்து என் சோற்றுக் கோப்பையின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டன.

அதோடு விசயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் கிருஷிகாவின் முன்பள்ளிக்குப் போசாக்கு தினம் வந்தது. பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் இல்லை, ஆகவே சாப்பாட்டைப் பிள்ளைகளைக் கவரும் வடிவங்களில் செய்து கொண்டுவர வேண்டும் என்று ரீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னார். புட்டுக்கு மூக்கு வைத்தால்தான் பிள்ளை தின்னும் என்பது புதிய கண்டுபிடிப்பு. நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். ஆனால் எனக்கு முன்பே கிருஷிகா கையை உயர்த்தித் தன் அம்மா முயல் செய்வா என்று வகுப்புக்கு அறிவித்திருந்தாள். உன்ட அம்மாதான் இங்க இல்லையே என்று ஒரு பிள்ளை கேட்டதாம். அந்தப் பிள்ளை வளர்ந்து பொலிசில் சேரும்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னாள்: "அப்பா, நீங்கள் செய்யுங்கோ. அம்மா போனில சொல்லித் தருவா."

நீரும் சொல்லித் தந்தீர். குசினியில் யாரோ நடமாடுகிறார்கள் என்று குரலைத் தாழ்த்தி, கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்வதுபோல் காதுக்குள் சொன்னீர். "அந்தப் பச்சை மூடி ரின்னில இருக்கிற மாவை எடுங்கோ" என்றீர். ஈஸ்ட், சீனி, இளஞ்சூட்டுப் பால், கொஞ்சம் எண்ணெய். நன்றாகப் பிசைந்து மூடி வைத்தால் இரண்டு மடங்காகப் பொங்கும் என்றீர். போய் இரண்டு வருடமாகியும் எங்கள் வீட்டு மா ரின்னின் மூடி என்ன நிறம் என்று ஞாபகம் வைத்திருக்கிறீரே என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தை இந்த இடத்தில் குறித்துவிட்டு மேலே போகிறேன்.

ஈஸ்ட் பாலில் நுரைத்தது, விசர் நாயின் வாயைப் போல. அதுவரைக்கும் எல்லாம் சரி. மாவில் ஊற்றிப் பிசைந்தேன். உதிர்ந்தது. பால் விட்டேன். சேறானது. மா போட்டேன். மறுபடியும் உதிர்ந்தது. இழுத்தால் இழுபடும் என்றீர். இழுத்தால் அறுந்து விழுந்தது. மூடி வைத்துவிட்டுப் போய் ஒரு புத்தகத்தில் பாதி வாசித்துவிட்டு வந்து திறந்தேன். எங்கள் சங்கத்தின் மானியக் கோரிக்கையைப் போல, வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

ஆனாலும் செய்தேன். உருட்டி, காது வைத்து, கண்ணுக்குக் கராம்பு குத்தி, இடியப்பத் தட்டில் அடுக்கி அவித்தேன். மிருகங்களைப் படைத்துவிட்டு ஆண்டவர் அவற்றைப் பார்த்துத் திருப்தியடைந்தார் என்று கோயிலில் வாசிக்கக் கேட்டிருக்கிறோம். நானும் மூடியைத் திறந்து பார்த்தேன்.

சாம்பல் நிறம். முதுகெல்லாம் வெடிப்பு. காது வழிந்து தாடையில் ஒட்டியிருந்தது. கராம்பு உள்ளே இறங்கி, அந்தக் குழியைச் சுற்றி மண்ணிறமாக ஏதோ கசிந்திருந்தது. நம்முடைய கடற்கரையில் வெயிலில் ஊதிக் கிடக்கும் பேத்தை மீனை நீர் பார்த்திருக்கிறீர். அதற்காவது ஒரு பளபளப்பு இருக்கும்.

ஜெனோஜன் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டான்: "அப்பா, இது என்ன வருத்தம் வந்து செத்தது?"

ஒன்றைத் தின்று பார்த்தேன். பல்லில் ஒட்டியது, மேல்வாயில் ஒட்டியது, விழுங்கியதும் நெஞ்சில் நின்று மேலே போவதா கீழே போவதா என்று யோசித்தது. மிச்சத்தைக் கொண்டுபோய் வளவு வாசலில் போட்டேன். வழமையாக வரும் அந்தக் கழுதை வந்தது. சீமெந்துப் பையைத் தின்கிற கழுதை, எங்கள் சங்கக் கந்தோர் வாசலில் தேர்தல் விளம்பரத்தை வேட்பாளரோடு சேர்த்துத் தின்ற கழுதை. முயலை மோந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தது. பிறகு போய்விட்டது. எனக்கு வாழ்க்கையில் பல அவமானங்கள் நடந்திருக்கின்றன. ஒரு கழுதை என்னைப் பார்த்து இரக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

கிருஷிகா அழவில்லை. அழுதிருந்தால் ஒரு இனிப்பு வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருப்பேன்.

மறுபடியும் உம்மிடம் கேட்டேன். ஈஸ்ட் பழசாக்கும், இன்னும் பலமாய்ப் பிசையுங்கோ என்றீர். புது ஈஸ்ட் வாங்கினேன். வலை இழுக்கிறவன் போல் பிசைந்தேன். இந்தத் தடவை பன்றிக்குட்டி செய்யச் சொல்லி ஜெனோஜன் யோசனை சொன்னான், பீற்றூட் சாறு விட்டால் நிறம் வரும் என்று. நிறம் வந்தது. மூடியைத் திறந்தபோது தட்டு முழுக்க, கண் திறக்காத, உடம்பில் மயிர் முளைக்காத எலிக்குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நான் மூடியை மறுபடி மூடிவிட்டேன். மனிதன் பார்க்கக் கூடாத சில விசயங்கள் இருக்கின்றன.

அந்த நேரத்தில்தான், நீர் போனதிலிருந்து எங்களுக்குச் சமைத்துத் தரும் அன்ரோனெற் அக்கா புட்டுக்கு மா எடுக்க வந்தார். பச்சை மூடியைத் திறந்து, ரின்னின் அடியைப் பார்த்து, மா எங்கே என்று கேட்டார். தட்டைக் காட்டினேன். அக்கா எலிக்குஞ்சுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஈஸ்ட் பைக்கற்றைப் பார்த்தார். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சிரிப்பு வெளியே வருவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

"எடே எட்வேட், அவிச்ச மாவிலயோடா ஈஸ்ட் போட்டனி? அது செத்த மாவடா. செத்த மா எப்பிடியடா எழும்பும்?"

எனக்கு விளங்க வைத்தார். உமக்கு இது தெரிந்த விசயம்தான். இருந்தாலும் நான் எழுதத்தான் போகிறேன். இந்த வீட்டில் கோதுமை மாவைப் பச்சையாக வைப்பதில்லை. துணியில் கட்டி, ஆவியில் அவித்து, சூடு ஆற முன்னர் கட்டி உடைத்து, அரித்து, ரின்னில் போட்டு வைப்போம். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அந்த மா. வெந்த பிறகு அதற்கு இழுவை இல்லை. எத்தனை ஈஸ்ட் போட்டாலும் பொங்காது. வெள்ளையாக இருப்பதெல்லாம் மா என்று நினைப்பவன் நான். எனக்குத் தெரியாமல் போனதில் புதினம் இல்லை. ஆனால் நிறஞ்சலா, முன்பெல்லாம் அந்த மாவை அவித்து வைத்தது நீர். சூடு பொறுக்காமல் விரலை ஊதி ஊதி அரித்ததும் நீர். நீர் போனபிறகுதான் அக்கா வந்து செய்கிறார். இரண்டு தரம் போன் எடுத்தேன். முதல் தரம் அந்த ரின்னையே காட்டினீர், மறுதரம் ஈஸ்டைச் சந்தேகித்தீர், என் கையைச் சந்தேகித்தீர். மாவை நீர் நினைக்கவே இல்லை. மூடியின் நிறம் ஞாபகம் இருக்கிறது, உள்ளே இருப்பது மறந்துவிட்டது. குறை சொல்லவில்லை. அங்கே மா என்றால் கடையில் வாங்கிப் பையைக் கிழித்துக் கொட்டுகிற மா. கை பழகியதைத்தான் வாய் சொல்லும்.

பிறகு கடையில் பச்சை மா வாங்கி மூன்றாம் தடவை செய்தேன். பொங்கியது. இழுபட்டது. சொன்னதைக் கேட்டது. முயல்கள் வெள்ளையாக, வழவழப்பாக, மேடத்தின் படத்தில் இருந்த அதே முட்டாள் சிரிப்போடு எழும்பி வந்தன. அதுவும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. முந்தினவை செத்த மாதிரி இருந்தன. இவை உயிரோடு இருந்துகொண்டு என்னைத் தின்னுங்கோ என்று கெஞ்சின.

முன்பள்ளியில் கிருஷிகாவின் தட்டைச் சுற்றிப் பெரிய கூட்டம். தாய்மார் படம் எடுத்தார்கள். யார் செய்தது என்று ரீச்சர் கேட்டார். "என்ட அம்மா செய்தவ" என்றாள் கிருஷிகா, கண் வெட்டாமல். ரீச்சர் என்னைப் பார்த்தார். என் நகத்துக்குள் மா இருந்தது. நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். உமது முயலுக்கு அங்கே மேடத்தின் பெயர். எனது முயலுக்கு இங்கே உமது பெயர். முயல் செய்கிறவனுக்குப் பெயர் போகாது என்பது உலக நியதி போலும்.

மற்றப் பிள்ளைகள் காது, மூக்கு என்று பிய்த்துத் தின்று முடித்தார்கள். கிருஷிகா ஒன்றும் தொடவில்லை. வரும்போது தட்டு வெறுமையாக இருந்தது.

ஆகவே, இவ்வளவையும் வாசித்தபிறகு உமக்கு ஒன்று விளங்கியிருக்கும். நாங்கள் சமாளிக்கிறோம். எனக்குப் பச்சை மா எது, அவித்த மா எது என்று தெரியும். பிள்ளைகளுக்கு மிருகங்கள் கிடைக்கின்றன. வளவுக்கு மதில் கட்டினால்தான் கழுதை வராது, அதற்காகத்தான் இன்னும் இரண்டு வருடம் என்று நீர் சொன்னதும் நியாயமாகத்தான் படுகிறது. உமது கேள்விக்கு என் பதில் சின்னப் பதில், ஒரே ஒரு சொல். அக்கா சாப்பிடக் கூப்பிடுகிறார். அதை நாளைக்கு எழுதி ஒட்டிவிடுகிறேன்.

வியாழக்கிழமை.

நாளைக்கு என்று எழுதினேன், நாள் ஓடிவிட்டது. திங்கட்கிழமை கந்தோரில் கூட்டம். பிறகு ஜெனோஜனின் சளி நெஞ்சுக்கு இறங்கியது. மருந்து எடுத்து இப்போது சுகம்.

நேற்று வெள்ளைச் சட்டை ஒன்று தேடி அலுமாரியைத் திறந்தேன். ஒரு வாடை முகத்தில் அடித்தது. உள்ளே எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். உமது சீலைத் தட்டை நோக்கி எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. கலியாணச் சீலையை மெதுவாக விரித்தேன். மடிப்புக்குள் ஒரு முயல் இருந்தது.

பச்சையும் சாம்பலுமாக உடம்பெல்லாம் பூஞ்சணம். அடிப்பக்கம் கூழாகிச் சீலையில் ஊறியிருந்தது. ஒரு கண் கழன்று விழுந்திருந்தது. இத்தனை நாளாக நான் செய்தவற்றில் உண்மையான முயலைப் போல மயிரோடு இருந்தது அது ஒன்றுதான். அதை எடுத்து எறியக் கொண்டுபோனேன். கிருஷிகா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எறியாதேங்கோ அப்பா. அது அம்மாக்கு வைச்சது. அதின்ட காதை ஒருத்தரும் கடிக்கேல்ல."

நான் எறிந்தேன். வேறென்ன செய்வது? எறிந்துவிட்டுக் கிணற்றடியில் போய் வாந்தி எடுத்தேன். வாடை தாங்கவில்லை என்று அக்காவுக்குச் சொன்னேன். அக்கா முயலைப் பற்றி இந்தத் தடவை சிரிக்கவில்லை. சீலையை எடுத்துக்கொண்டுபோய்த் தன் கையால் அலசினார். கறை முழுதாகப் போகவில்லை. நீர் பார்த்தால் ஏசுவீர். ஏச்சு வாங்க நான் இருக்கிறேன்.

கிருஷிகாவுக்கு, அம்மா வரும்போது புதிதாகச் செய்யலாம் என்று சொன்னேன். எப்ப என்று கேட்டாள். பழுதாகாமல் எவ்வளவு நாளைக்கு இருக்கும் என்றும் கேட்டாள். பிறிஜ்ஜில் வைத்தாலும் ஒரு கிழமைக்கு மேல் வைக்க முடியாது என்று உண்மையைச் சொன்னேன். அவள் விரலை மடித்து எண்ணத் தொடங்கினாள். நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுத நினைத்திருந்த அந்த ஒரு சொல்லை எழுதக் காலையிலிருந்து பேனையோடு உட்கார்ந்திருக்கிறேன். மேலிடங்களுக்கெல்லாம் எழுதிய கைக்கு அது வரவில்லை. மற்ற விசயங்களை எழுதுகிறேன், நீரே யோசித்துக்கொள்ளும்.

மதில் இல்லாவிட்டால் கழுதை வரும் என்றீர். வரட்டும். இந்த வீட்டில் செய்வதை அது தின்பதில்லை என்று தெரிந்துவிட்டது. குசினிக்கு ரைல்ஸ் பதித்து முடித்தாயிற்று. உமது உழைப்பில் பதித்த தரையில் வீட்டில் எல்லோரும் நடந்துவிட்டோம், கழுதை உட்பட. உம்முடைய கால் மட்டும் இன்னும் படவில்லை. ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோயிலடியில் தங்கக் குடில் போட வேண்டும், எத்தனை பேருக்கு என்று அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு சொல்கிறேன் என்று வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொதியும் வருகிறது. அவித்து அரித்த மா. அக்கா பக்கத்தில் நின்று சொல்லித் தர, நானே விரல் சுட அரித்தது. அதில் முயலும் வராது, பன்றியும் வராது. மேடம் படம் பிடிக்க அதில் ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு உமக்கென்று புட்டு அவித்து, ஒருவரும் கடிக்க முதல், முழுதாக உட்கார்ந்து சாப்பிடும். எப்படி அவிப்பது என்று மறந்துபோயிருந்தால் போனில் கேட்காதேயும். போனில் சொல்லி அது வருவதில்லை.

மடு மாதா உம்மை வழி நடத்திக் கூட்டிக்கொண்டு வருவாராக.

இப்படிக்கு,
உமது
எட்வேட்